கிணற்றுக் கட்டில் தொடங்க வேண்டிய கல்வி

மகாவலி கங்கையின் நீளம் என்னவென்று நம் மாணவனைக் கேளுங்கள். 335 கிலோமீற்றர் என்று மூச்சு விடாமற் சொல்வான். அதன் கிளையாறுகள் எவை, எந்த அணை எந்த ஆண்டிற் கட்டப்பட்டது என்பனவெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதே மாணவனிடம், "உன் வீட்டுக் கிணற்றில் ஆவணி மாதத்திலே தண்ணீர் எத்தனை அடி ஆழத்திற் கிடக்கிறது? மார்கழியில் எத்தனை அடி ஏறுகிறது? ஏறிய தண்ணீர் யாருடைய காணியில் விழுந்த மழை?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். அவனுக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியரும் விழிப்பார். அந்த ஆசிரியருக்குப் பட்டமளித்த பல்கலைக்கழகமோ இப்படியொரு கேள்வி இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை.

இந்நிலை தற்செயலாய் வந்ததென்று நாம் கருதவில்லை. கையையும் தலையையும் பிரித்து, தலைக்கு நாற்காலியும் கைக்கு மண்வெட்டியும் கொடுத்த சமுதாயம் தனக்கேற்ற கல்வியைத்தானே படைத்துக்கொள்ளும்! அந்தக் கல்வியின் பொய்மை வேறெந்தத் துறையிலும் மறைந்து கிடக்கலாம். நீரியலில் மறைந்து கிடக்க முடியாது. ஏனெனில் நீரியல் அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒரு நீரேந்து பிரதேசத்தின்மேல் மழை விழுகிறது. ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. ஒரு பகுதி ஓடிப்போகிறது. எஞ்சியது மண்ணுக்குள் இறங்குகிறது. சில்லறைக் கடைக்காரன் நாள்தோறும் பார்க்கும் கணக்கைவிட இஃது ஒன்றும் கடினமானதன்று. ஆயினும் கணக்கைப் பார்ப்பதற்கு முன் எண்கள் வேண்டும். எண்களோ நூலகத்தில் இல்லை. சேற்றிலும் கிணற்றிலும் கிடக்கின்றன.

ஆறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த விடை என்ன தெரியுமா? கடல்நீர் நிலத்துக்கடியிலே குகைகளின் வழியாக மலைகளுக்கு ஏறுகிறது. வழியில் உப்பை இழக்கிறது. ஊற்றாய்ப் பீறிடுகிறது என்பதே பலரது கொள்கை. மழை மட்டும் ஒரு பேராற்றை ஊட்டப் போதாது என்று அவர்கள் அளக்காமலே முடிவு செய்திருந்தார்கள். 1674ஆம் ஆண்டிலே பிரான்சில் ஒருவர் அளந்தார். பியேர் பெரோ என்பது அவர் பெயர். அவர் பேராசிரியரல்லர், பதவியிழந்த வரி அதிகாரி. (சின்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ள் பெரோவின் தமையன் என்றால் இலக்கிய மாணவருக்கு நினைவில் நிற்கும்.) செயின் ஆற்றின் தலைப்பகுதியில் மூன்று ஆண்டுகள் பெய்த மழையையும் அப்பகுதியில் ஆறு கொண்டுசென்ற நீரையும் அவர் ஒப்பிட்டார். விழுந்த மழை, ஓடிய நீரைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்காய் இருந்தது. மழை போதாது என்ற கொள்கை அத்துடன் ஆட்டங் கண்டது. நீரேந்து பிரதேசம் பற்றிய விஞ்ஞானம் பிறந்த கதை இதுதான். அதைப் பெற்றெடுத்தது வாதத் திறமையன்று; மழைமானியும் பொறுமையும்.

நம் ஊரிலும் இதற்கு இணையான கதை உண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். சிரித்துத் தள்ளக்கூடிய கதையன்று இது. சுண்ணக்கற் பாறைக்குள்ளே நீர் வெடிப்புகளின் வழியாகவும் குகைகளின் வழியாகவும் ஓடுகிறது என்பது உண்மை. ஓரிடத்தில் அடையாளப் பொருளொன்றை இட்டு, அது வேறெங்கே வெளிப்படுகிறதென்று பார்ப்பது இன்று உலகெங்கும் நீரியலாளர் கையாளும் முறை. அவர்கள் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாகச் சாயத்தைக் கலக்கிறார்கள்; அவ்வளவே. ஆகவே அந்தக் கதையை முதலிற் சொன்னவனிடம் விஞ்ஞானத்தின் வித்து இருந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாய் ஒப்புவித்த நாமோ, ஒரு பழத்தைத்தானும் குறியிட்டுப் போட்டுவிட்டுக் கீரிமலையிற் போய்க் காத்திருந்து பார்க்கும் கல்வியைப் பெறவில்லை. இராமர் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்று சொல்லிக் கும்பிட்டோம். அடியில்லாக் கிணறு என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டினோம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக அக்கிணறு கிடப்பதுதான் அதன் மிகப் பெரிய பாடம். அப்பாடத்தைப் பலர் கேட்டதேயில்லை.

அந்தப் பாடம் இதுதான். குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பத்துப் பேர்ச்சுள்ள ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொண்டால், அதன்மேல் ஓராண்டில் விழும் நீர் மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல். இதில் மண்ணுக்குள் இறங்கும் பங்கு சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்குகிறது. அதற்குக் கீழே கடல்நீர். நன்னீர் கடல்நீரிலும் எடை குறைந்ததாதலால் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி. குகைகள் நிறைந்த நம் பாறையில் இவ்விதி அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் அது எச்சரிப்பது மெய். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால், கீழே உவர் நாற்பது அடி ஏறி வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஒரு வேலியாய் இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே வேலியை இனி அறிவுதான் போட வேண்டும். அந்த அறிவைத் தோட்டக்காரனுக்குக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது?

பல்கலைக்கழகங்களில் கள ஆய்வு இல்லையா என்று சிலர் கேட்பர். உண்டு. விடியற்காலையிலே பேருந்து புறப்படும். வழிநெடுகப் பாட்டும் கூத்தும். அணைக்கட்டின்மேல் நின்று படம் எடுப்பார்கள். பொறியியலாளர் ஒருவர் வெயிலில் நின்று அரைமணி நேரம் பேசுவார். முன்வரிசையில் நிற்கும் நால்வர் குறிப்பெடுப்பர். சோற்றுப் பார்சல் உண்டபின் இன்னொரு குளம். திரும்பி வந்து, சென்ற ஆண்டு அண்ணன்மார் எழுதிய அறிக்கையில் திகதியை மாற்றினால் புள்ளி கிடைத்துவிடும். எல்லாத் துறைகளும் இப்படியே என்று நாம் சொல்லவில்லை. மாணவரோடு மாணவராய்ச் சேற்றில் இறங்கும் விரிவுரையாளர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் தம் சொந்தப் பிடிவாதத்தினால் அதைச் செய்கிறார்களேயன்றிப் பாடத்திட்டத்தின் தயவினால் அன்று.

உண்மையான கள ஆய்வுக்கு வழுக்கையாற்றைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலியிற் கடலேரியை அடையும் இந்த மாரிகால ஆறு, ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர் நீளமுடையது. மகாவலியை எந்த மாணவனும் ஒரு நாளில் நடந்து முடிக்க முடியாது. வழுக்கையாற்றைத் தலை தொடக்கம் வால்வரை நடந்து முடிக்கலாம். நடக்கத் தொடங்கியதுமே பாடப்புத்தகம் சொல்லாத செய்தி ஒன்று காலில் இடறும். நீர் பிரியும் கோடு வரைபடத்தில் இருக்கும் இடத்தில் நிலத்தில் இராது. தட்டையான மண்ணிலே ஒரு றோட்டை இரண்டடி உயர்த்தினால், ஒரு மதகு தூர்ந்தால், ஒருவர் வயலை நிரப்பி வீடு கட்டினால், நீரின் திசையே மாறிவிடுகிறது. மழை கொட்டும்போது முழங்காலளவு வெள்ளத்தில் நின்று, வாய்க்கால் எப்பக்கம் இழுக்கிறது என்று காலால் உணர்ந்தவனே அந்தக் கோட்டைத் திருத்தி வரைவான்.

ஓட்டத்தை அளக்க என்ன வேண்டும்? கரையோரமாகப் பத்து மீற்றருக்கு இரண்டு தடிகளை நட வேண்டும். மிதக்கும் பொருளொன்றை மேற்றடியில் விட்டு, கீழ்த்தடியை அது எத்தனை விநாடியில் அடைகிறதென்று பல தடவை பார்க்க வேண்டும். மேற்பரப்பு நீர் அடிநீரிலும் விரைந்து ஓடுவதால் கிடைத்த வேகத்தை 0.85 போன்ற ஒரு குணகத்தாற் பெருக்க வேண்டும். பின்பு கயிற்றை ஆற்றின் குறுக்கே கட்டி, அடிக்கு அடி ஆழம் பார்த்து, வெட்டுமுகப் பரப்பைக் காண வேண்டும். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீற்றர் நீர் கடலுக்குப் போகிறது என்பது வந்துவிடும். இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடும். ஆனால் கையில் வந்த எண் முதலாம் முறை ஒன்றாகவும் இரண்டாம் முறை வேறொன்றாகவும் இருக்கும்போது, எது பிழை, எவ்வளவு பிழை, ஏன் பிழை என்று ஆராயுமிடத்தில்தான் மாணவன் விஞ்ஞானியாகிறான். பரீட்சைத் தாளில் எண்ணுக்குச் சந்தேகமே கிடையாது. அஃது அச்சடிக்கப்பட்டு வருகிறது.

ஆற்றைவிடக் கடினமான பள்ளிக்கூடம் கிணறு. இங்கேதான் நாம் சொல்ல வந்த விடயத்தின் முள் இருக்கிறது. ஓர் ஊரின் நிலத்தடி நீர் மட்டத்தை வரைய வேண்டுமானால், எல்லாக் கிணறுகளையும், அல்லது எல்லாத் திசைகளிலும் பரவிய கிணறுகளை, ஒரே நாளில் அளக்க வேண்டும். கிணற்றுக் கட்டில் ஓர் அடையாளம் இட்டு, அங்கிருந்து நீர்வரை அளவுநாடாவை இறக்க வேண்டும். அந்த அடையாளம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மட்டக் கருவியால் காண வேண்டும். அதற்கு ஒவ்வொரு வளவுக்குள்ளும் நுழைய வேண்டும். யாழ்ப்பாணத்திலே கிணற்றுக் கட்டு எத்தகைய இடம் என்பது நமக்குத் தெரியாததா? தாகத்தோடு வந்தவன் கட்டிலே கால் வைக்கக் கூடாது, சாதியில் உயர்ந்தவர் வந்து அள்ளி ஊற்றும்வரை வெறுங்குடத்தோடு காத்து நிற்க வேண்டும் என்று விதித்த ஊர் இது. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட நேர்ந்த ஊர் இது. சட்டம் மாறியது, போராட்டங்கள் நடந்தன, பல கதவுகள் திறந்தன. ஆயினும் ஊரைச் சுற்றிக் கிணறு அளக்கப் புறப்படும் மாணவர் குழு, எந்த ஒழுங்கையிற் காலை வைக்கத் தயங்குகிறது என்பதைக் கவனியுங்கள். தயங்கிய இடத்தில் வரைபடம் வெறுமையாகும். அந்த வெறுமை அநீதி மட்டுமன்று, விஞ்ஞானப் பிழையுமாகும். நிலத்துக்கடியிலே சாதி பார்த்து ஓடும் நீர் கிடையாது. மேட்டு வளவின் மலசலக்குழி பள்ளத்துக் குடியிருப்பின் கிணற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது. தோட்டத்து யூரியா இரண்டுக்கும் பொதுவாய் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. நம் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் குருதியிலே அந்த நஞ்சு பிராணவாயுவை ஏந்தும் ஆற்றலைக் கெடுக்கும். அந்தக் குழந்தை எந்த ஒழுங்கையிற் பிறந்தது என்று அது கேட்பதில்லை.

இன்னுமொன்று. கிணறு வெட்டுகிறவரும் இறைக்கிறவரும் பாறையைப் பற்றி அறிந்தவை ஏராளம். எந்த ஆழத்திற் குகை வாய் திறக்கும், எந்தக் கிணறு மாசியிலே உவர்க்கத் தொடங்கும் என்பனவற்றை அவர்கள் சொல்வார்கள். கூலியாள் குழி தோண்ட, குடைக்குக் கீழே நின்று குறிப்பெடுக்கும் மாணவனுக்கு அவர்கள் சொல்ல மாட்டார்கள். தானும் மண்வெட்டி பிடித்த மாணவனுக்கே சொல்வார்கள். ஐந்திணையின் முதற்பொருளும் கருப்பொருளும் ஒப்புவித்துப் பட்டம் பெறும் நம் தமிழ்ப் பட்டதாரிகளையும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்க நாம் தயாராயில்லை. மருதத்தைப் பாடத் தெரிந்தவனுக்கு மதகு எதற்கென்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்கள் மக்கள் கையில் இல்லாதபோது என்ன நேரும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. மின்நிலையச் சூழலில் உள்ள கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்திருக்கிறது என்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் கூக்குரலிட்டார்கள். ஒரு தரப்பு எண்ணெய் உண்டு என்றது. இன்னொரு நிபுணர் குழு அபாயம் இல்லை என்றது. வாளியிலே மிதந்த எண்ணெய்ப் படலத்தைக் கண்ணாற் கண்ட பெண், தன் கண்ணை நம்புவதா அறிக்கையை நம்புவதா என்று தெரியாமல் தண்ணீர்ப் பவுசரின் பின்னே வரிசையில் நின்றாள். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அதுவரை கழிந்த ஆண்டுகளை எந்த நட்டஈடு திருப்பித் தரும்? அச்சூழலிலுள்ள ஒவ்வொரு பாடசாலையும் பத்துக் கிணறுகளின் நீரை மாதந்தோறும் பார்த்துக் குறித்து வைத்திருந்தால், எண்ணெய் எந்த மாதத்தில், எத்திசையிலிருந்து, எந்தக் கிணற்றுக்கு முதலில் வந்தது என்பதற்கு ஊரே சாட்சி சொல்லியிருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் இல்லாமலில்லை. அவை ஆங்கிலத்தில் இருந்தன. கிணற்றுக்காரனின் கைக்கு வரவில்லை.

2021 மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரிலே தடை நீங்கியதே, அதையும் எண்ணிப் பாருங்கள். விவசாயியின் வயிற்றில் அடித்த அந்தக் கொடுமை, விரும்பாமலே ஒரு மாபெரும் பரிசோதனையாகவும் அமைந்தது. உரம் குறைந்தால் கிணற்று நைத்திரேற்று குறையுமா, எத்தனை மாதத்தின் பின் குறையும் என்ற கேள்விக்கு விடை காண அதைவிட நல்ல தருணம் எப்போது வரும்? எத்தனை பாடசாலைகளில் அவ்வாண்டின் அளவுகள் குறிக்கப்பட்ட கொப்பி இருக்கிறது?

இரணைமடுவைப் பற்றிய சச்சரவும் இவ்வகையினதே. யாழ்ப்பாணத்தின் குடிநீருக்காக அக்குளத்து நீரைக் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சி விவசாயி எதிர்த்தான், யாழ்ப்பாணத்தான் முணுமுணுத்தான். 2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இரு பகுதியிலும் உழைக்கும் மக்களே. இரு பகுதியாரும் தண்ணீருக்கு ஏங்கியவர்களே. கனகராயன் ஆற்றின் நீரேந்து பிரதேசம் எவ்வளவு, வறண்ட ஆண்டில் குளத்துக்கு எவ்வளவு வரும், சிறுபோகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் மேடையில் ஏறவில்லை. ஏறியவர்கள் பிரதேசப் பெருமையைப் பேசினார்கள். கணக்குத் தெரியாத மக்களைப் பிரித்தாள்வது எளிது. அதனை ஆளுபவர்கள் நன்கறிவார்கள்.

மலையகத்திலே இது வேறு வடிவில் வருகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கம், 1988 அளவில் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 44 வீதத்தைச் சேற்றுக்குப் பறிகொடுத்திருந்தது. அந்தச் சேறு யாருடைய சரிவிலிருந்து வந்தது? லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்ட தொழிலாளியைக் குற்றஞ்சாட்டுவது மிக எளிது. மலையுச்சிவரை காட்டைச் சிரைத்துக் கோப்பியும் பின் தேயிலையும் நட்ட வெள்ளைத் தோட்டத்துரையை இன்று யார் விசாரிப்பது? மழை நாளில் ஒவ்வொரு ஓடையிலும் ஒரு போத்தல் கலங்கல் நீர் பிடித்து, வடித்து, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தால் எந்தச் சரிவு எவ்வளவு மண்ணை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை அது. தம் பெற்றோர்மீது சுமத்தப்படும் பழி மெய்யா பொய்யா என்று சொல்லும் உரிமையை அந்தப் போத்தல் அவர்களுக்குக் கொடுக்கும்.

நம்மை எதிர்ப்போர் இரு திசையிலிருந்து வருகிறார்கள். செய்மதிப் படமும் கணினி மாதிரியும் இருக்கக் கிணற்றில் நாடா இறக்குவது பழம்பஞ்சாங்கம் என்பது ஒரு சாராரின் வாதம். கணினியை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி சொல்வது சரியா என்று பார்க்க எதனோடு ஒப்பிடுவீர்கள்? அமெரிக்காவின் ஹபர்ட் புறூக் காட்டிலே 1963 தொடக்கம் ஓடை நீரையும் மழைநீரையும் வாரந்தோறும் போத்தலிற் பிடித்துச் சோதித்தார்கள். அங்கு பெய்த மழை அமிலமாயிருப்பதை உலகுக்குக் காட்டியவை அந்தப் போத்தல்களே. 1965இல் ஒரு சிறு நீரேந்து பிரதேசத்தின் மரங்களை முழுவதும் வெட்டிச் சாய்த்தபோது, ஓடையில் நைத்திரேற்று பன்மடங்கு ஏறியதைக் கண்டுபிடித்தவையும் அவையே. மறுசாரார் நம் பழம்பெருமைக்காரர். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், குளங்களைப் பாருங்கள் என்பார்கள். குளங்களைப் பார்க்கத்தான் நாமும் சொல்கிறோம். உள்ளே இறங்கி, எத்தனை அடிக்குச் சேறும் பிளாஸ்ரிக்கும் கிடக்கின்றன என்று அளந்து பார்க்கச் சொல்கிறோம். முன்னோர் குளம் வெட்டினார்கள். அவர்களைப் புகழ்கிறவர்கள் வெட்டியதென்ன?

நேரமில்லை, பரீட்சை நெருங்குகிறது, ரியூட்டரிக்குப் போக வேண்டும் என்ற முனகலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாடசாலைகளுக்கு நாம் கேட்பது மாதத்தில் ஒரு காலைப்பொழுது. பல்கலைக்கழகத்துக்கு நாம் கேட்பது அதிகம்: எத்துறை மாணவராயினும் ஒரு மழையாண்டு முழுவதும் ஓர் ஊரின் நீரைத் தொடர்ந்து அளந்து, கிடைத்ததைத் தமிழில் எழுதி, அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஊரவர் முன் வாசித்து, அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொன்ன பின்னரே பட்டம் பெற வேண்டும். புள்ளியிடும் உரிமையில் ஒரு பங்கு அந்தக் கூட்டத்துக்கும் இருக்கட்டும். விரிவுரையாளரை ஏமாற்றலாம், நாற்பது ஆண்டு அதே கிணற்றில் இறைத்தவரை ஏமாற்ற முடியாது.

செலவைப் பற்றி யாரும் பேச வேண்டாம். ஓர் அளவுநாடா, அடியளவு குறித்த ஒரு தடி, வாய் அகன்ற போத்தலில் புனல் வைத்துச் செய்த மழைமானி, ஒரு கொப்பி ஆகியன போதும். மட்டக் கருவியையும் உவரளக்கும் மானியையும் நில அளவைப் பயிற்சியுள்ள துறையிடம் வாரத்துக்கு ஒரு நாள் இரவல் வாங்கலாம். மழை ஐப்பசியிலே தொடங்கும். அதற்கு முன், புரட்டாதி முடிவிலே, நீர் மிகக் கீழே கிடக்கும்போது முதல் அளவு எடுக்கப்பட வேண்டும். இல்லாவிடில் இன்னும் ஓராண்டு காத்திருக்க நேரும்.